பழைய டீசல் என்ஜின் உண்மையிலேயே நல்லதா, பழசானதால் நல்லதாகத் தெரிகிறதா?

உங்கள் கேள்வியில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மேலே மின்கம்பி ஓடுகிற நிலையத்தில், கீழே ஆல்கோ என்ற அமெரிக்கக் கம்பெனியின் வடிவில் செய்த ஒரு பழைய டீசல் என்ஜின் இன்னும் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு திரிகிறதே, அதை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கேமராவோடு வந்து அதற்காகக் காத்துக் கிடக்கும் இளைஞர்களுக்கு அதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியாக, போகிற போக்கில், ‘அது உண்மையிலேயே நல்ல என்ஜினா, பழசானதால் நல்லதாகத் தெரிகிறதா?’ என்று ஒரு வரி. நீங்கள் கேட்க வந்தது அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. மற்ற இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

நான் டீசல் என்ஜின்களைப் பராமரிக்கும் ஷெட்டில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன். ஃபிட்டராகச் சேர்ந்து சீனியர் செக்‌ஷன் இன்ஜினியராக ஓய்வு பெற்றேன். என் கை பட்டதெல்லாம் என்ஜின் பக்கம்: சிலிண்டர், பம்ப், டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுவது), லூப் ஆயில் (மசகெண்ணெய்). டிராக்‌ஷன் மோட்டார், கன்ட்ரோல் பேனல் எல்லாம் வேறு செக்‌ஷன்காரர்களின் உலகம். ஆகவே என்ஜினைப் பற்றி அடித்துச் சொல்வேன், மற்றதை அளந்து சொல்வேன்.

ஷண்டிங்கில், அதாவது நிலையத்துக்குள் பெட்டிகளைத் தள்ளிச் சேர்க்கும் வேலையில், நீங்கள் பார்ப்பது அநேகமாக டபிள்யூடிஎம்-3ஏ, டபிள்யூடிஎம்-3டி, அல்லது சரக்குக்கென்று செய்த டபிள்யூடிஜி-3ஏ ஆக இருக்கும். கேபின் பக்கவாட்டில் எழுதியிருப்பார்கள், அடுத்த முறை பாருங்கள். ‘3ஏ’ என்றால் 3,100 குதிரைத்திறன். இவை எல்லாவற்றுக்கும் தாத்தா டபிள்யூடிஎம்-2. அமெரிக்காவின் ஸ்கெனெக்டடியில் இருந்த ஆல்கோ கம்பெனியிடமிருந்து 1962இல் வந்து இறங்கியது, 2,600 குதிரைத்திறன். 1964 முதல் வாரணாசியில் நாமே செய்ய ஆரம்பித்தோம். அங்கே முதலில் கோத்து முடித்த என்ஜினுக்கு ‘குந்தன்’ என்று பெயர், எண் 18233. டபிள்யூடிஎம்-2 மட்டுமே 2,600க்கு மேல் செய்யப்பட்டன. தாய்க் கம்பெனியான ஆல்கோ 1969இல் மூடப்பட்டுவிட்டது. இந்த லோகோக்களுக்குள் ஓடும், அவர்கள் வடிவமைத்த 251 வகை 16 சிலிண்டர் என்ஜினை அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் வாரணாசியில் வார்த்து, கடைந்து, திருத்தி, பலம் கூட்டிக்கொண்டே இருந்தார்கள். ‘அமெரிக்க என்ஜின்’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் வலிக்கும். வரைபடம் அங்கிருந்து வந்தது, உண்மைதான். ஓடிய என்ஜின்களில் ஆகப் பெரும்பாலானவை இந்தியத் தொழிலாளி கையால் வந்தவை.

ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்பதற்குப் பதில் சுருக்கமானது. சரக்கு ஏற்றி இறக்கும் சைடிங்குகள் (பக்கப் பாதைகள்) பலவற்றில் கிரேன் வேலை நடப்பதால் மேலே கம்பி போட முடியாது. புயலில் கம்பி அறுந்தாலோ விபத்தில் கம்பம் சாய்ந்தாலோ மின் என்ஜின் ஒரு அடி நகராது. அப்போது நிவாரண ரயிலை இழுத்துப்போக டீசல்தான் வேண்டும். ஷண்டிங் வேலைக்காகப் புதிய என்ஜின் வாங்குவதைவிட, கையில் இருக்கும் பழையதை அதன் ஆயுள் முடியும் வரை ஓட்டுவது லாபம். ஒரு டீசல் லோகோவுக்குக் கணக்கில் விதித்த ஆயுள் 36 வருடம். பாதி ஆயுளில் மொத்தமாகப் பிரித்துப் புதுப்பித்தார்கள். பாட்டியாலாவில் அதற்கென்றே ஒரு தொழிற்சாலை இருந்தது. மலைப்பாதையில் கதை வேறு. நீலகிரி ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பல்சக்கர நீராவி என்ஜின் தள்ளுவது எல்லோருக்கும் தெரியும். குன்னூரிலிருந்து உதகை வரை வண்டியைக் கொண்டுபோவது ஒய்டிஎம்-4, அதுவும் ஆல்கோ குடும்பம்தான், அதே 251இன் ஆறு சிலிண்டர் தம்பி. சுற்றுலா வருகிறவர்கள் நீராவி என்ஜினோடு நின்று படம் எடுத்துக்கொண்டு இவனைத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். மீட்டர்கேஜ் காலத்தில் எழும்பூரிலிருந்து தெற்கே போனவர்களுக்கு இவனைத் தெரிந்திருக்கும். விழுப்புரத்தில் மின் என்ஜினைக் கழற்றிவிட்டு டீசலை மாட்டுவார்கள். பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கும், தூக்கத்தில் இருப்பவன்கூட ‘விழுப்புரம் வந்தாச்சு’ என்று புரண்டு படுப்பான்.

இனி அந்த உருக்கம். ரசிகர்களின் உருக்கமும் எங்கள் உருக்கமும் ஒன்றல்ல என்பதை நான் ஓய்வுபெற்ற பிறகுதான் புரிந்துகொண்டேன். எங்களுடையது எப்படிப்பட்டது என்று சொல்ல ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்காது. ஒரு என்ஜின் ஏற்றத்தில் இழுக்கவில்லை, கரும்புகை அதிகம் என்று டிரைவர் எழுதிக் கொடுத்திருந்தார். நான் சுற்றிப் பார்த்துவிட்டு, புகையை வைத்து டர்போ பலவீனம் என்று புத்தகத்தில் எழுதிவிட்டேன். டர்போவை இறக்குவது என்றால் கிரேன், ஆள், ஒரு நாள் வேலை. எங்கள் மிஸ்திரி அந்தப் பக்கத்தைப் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. என்ஜினை ஐடிலில் (சுமையில்லாமல் மெதுவாக) ஓடவிட்டு, நடைபாதையில் ஏறி, பக்கத்துக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். ஆல்கோவில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி டீசல் பம்ப். அதிலிருந்து, சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டருக்கு விரல் தடிமனில் ஒரு இரும்புக் குழாய் போகும். மிஸ்திரி அந்தக் குழாய் மேல் இரண்டு விரலை வைத்தார், டாக்டர் நாடி பார்ப்பதுபோல. வலப்பக்கம் ஆர்-1, ஆர்-2 என்று எட்டும் முடித்து, இடப்பக்கம் வந்து எல்-1, எல்-2... எல்-5இல் நின்றார். ‘இங்க வா, விரலை வை. முதல்ல பக்கத்துல இருக்கறதுல வச்சுட்டு அப்புறம் இதுல வை’ என்றார். எல்-4இல் விரலை வைத்தேன். உள்ளே யாரோ சுண்டுவது மாதிரி, டொக் டொக் டொக் என்று அடி. எல்-5இல் வெறும் நடுக்கம்தான், அடி இல்லை. ‘பம்பு செத்துக் கிடக்கு. ஒருத்தன் படுத்துட்டா மத்த பதினஞ்சு பேரும் அவன் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கணும், டீசல் கூடுதலாப் போகும், புகை வராம என்ன செய்யும்?’ பம்பைக் கழற்றிப் பார்த்தால் பிளஞ்சர் (உள்ளே டீசலை அழுத்தும் தண்டு) இறுகிப்போயிருந்தது. அரை மணி நேரத்தில் வேறு பம்ப் போட்டு அனுப்பினோம். புத்தகத்தில் நான் எழுதியதை நானே அடித்துத் திருத்தி எழுத வேண்டியிருந்தது.

அதன் பிறகு ஆயிரக்கணக்கான முறை அந்தக் குழாயில் விரல் வைத்திருப்பேன். ஒரு இயந்திரத்தின் உடம்பு நிலை விரல்நுனியில், காதில், மூக்கில் தெரிந்தது. லூப் ஆயிலில் ஒரு சொட்டைத் தாளில் விட்டு அது பரவும் வட்டத்தைப் பார்த்து ஆயில் கெட்டுவிட்டதா என்று சொல்வோம். அதைப் பரிசோதனைக் கூடத்துக்கும் அனுப்புவோம், ஆனால் முடிவு வருவதற்கு முன்பே தாள் பாதி சொல்லிவிடும். பின்னால் வந்த 4,000 குதிரைத்திறன் இஎம்டி (இன்னொரு அமெரிக்கக் கம்பெனி) என்ஜின்களில் கேபினில் ஒரு திரை இருக்கிறது, என்ன கோளாறு என்று அதுவே எழுத்தில் காட்டிவிடும். அது நல்லது, வேலை சுலபம், தவறு குறைவு. அந்தத் திரையைப் படிக்க எனக்கும் பிடிக்கும். ஆனால் திரையில் படித்தது நினைவில் தங்கவில்லை. எல்-5இன் அந்த நடுக்கம் இன்றும் விரலில் இருக்கிறது.

ரசிகர்கள் முதலில் சொல்வது சத்தத்தைத்தான். அந்தத் தாளம் ஏன் என்று பலரும் கேட்பார்கள். இதில் உறுதியான பாதி ஒன்று, நம்பிக்கையான பாதி ஒன்று. உறுதியானது கணக்கு. ஐடிலில் நிமிடத்துக்கு 400 சுற்று. நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் ஆனதால் 16 சிலிண்டரும் ஒரு முறை எரிந்து முடிக்க இரண்டு சுற்று ஆகும். ஆக அந்த முழு வரிசை நிமிடத்துக்கு 200 தடவை, விநாடிக்கு மூன்றுக்குச் சற்று மேல், திரும்பத் திரும்ப வருகிறது. காதில் விழும் ‘தடக் தடக்’ அந்த வேகத்தில்தான் இருக்கிறது. நம்பிக்கையான பாதி இது: ஐடிலில் ஒவ்வொரு பம்பும் கொடுக்கும் டீசல் மிகச் சொற்பம், அதனால் சிலிண்டருக்குச் சிலிண்டர் ஏற்படும் சிறு ஏற்றத்தாழ்வுகூடப் பெரிதாகக் கேட்கும், பலமானதும் மெலிந்ததும் சேர்ந்து அந்தத் தாளத்தைக் கொடுக்கின்றன. ஷெட்டில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நம்பினோம், எனக்கும் அது சரியாகவே படுகிறது, ஆனால் நாங்கள் கருவி வைத்து அளந்து நிரூபித்ததில்லை. நாட்ச் (டிரைவர் கைப்பிடியின் வேகப் படி) ஏற ஏற அந்தத் தாளம் கரைந்து ஒரே முழக்கமாகிவிடும். எட்டாவது நாட்சில், வகையைப் பொறுத்து, 1,000 சுற்று அல்லது சற்று மேல். அப்போது மேலே டர்போவின் ஊளை தனியாகக் கேட்கும்.

அடுத்தது புகை. இதில்தான் எனக்கும் ரசிகர்களுக்கும் ஒத்துப்போகாது. வண்டி கிளம்பும்போது வானத்துக்கு ஒரு கரிய தூண் எழும்புவதைப் படமெடுத்து ‘பவர்’ என்று போடுகிறார்கள். புகை பவர் இல்லை. டிரைவர் நாட்ச் கொடுத்ததும் கவர்னர் (டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கருவி) டீசலைக் கூட்டிவிடுகிறது. டர்போ சுழல்வது புகைபோக்கிக்குப் போகும் வாயுவால், அது வேகமெடுக்கச் சில விநாடி ஆகும். அந்தச் சில விநாடி டீசல் மிகுதி, காற்று பற்றாக்குறை. எரியாத கரி வெளியே வருகிறது, அதுதான் அந்தத் தூண். இஎம்டி என்ஜினில் குறைந்த வேகத்தில் டர்போவை என்ஜினே பல்சக்கரம் வைத்துச் சுற்றிவிடும், காற்று தாமதமாவதில்லை, அதனால் கிளம்பும்போது அவ்வளவு புகை இருக்காது. ஆல்கோவிலும் நல்ல நிலையில் உள்ள என்ஜின் ஒரு கொத்துப் புகை விட்டு உடனே தெளிந்துவிடும். ஓடும்போதும் கருப்பாகவே விட்டுக்கொண்டிருந்தால் அது நோயாளி. இன்ஜெக்டர் ஒழுகலாம், காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், டர்போ சோர்ந்திருக்கலாம், என் முதல் கதைபோல ஒரு பம்ப் படுத்திருக்கலாம். எங்கள் ஷெட் என்ஜின் ஒன்று அப்படிப் புகை விட்டுக்கொண்டு ஊர் நடுவே போனால் எங்களுக்கு அவமானமாக இருக்கும். தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருந்தவர்கள் துணி காயப்போட்டுக் கருப்பான கதை எத்தனையோ கேட்டிருக்கிறேன். அந்தப் புகையை மூச்சில் இழுத்தே வேலை பார்த்தவன் நான். அதை அழகு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

‘ஆல்கோவுக்குச் சாவே கிடையாது, புதுசெல்லாம் தகரம்’ என்றும் சொல்வார்கள். அதுவும் பாதிதான் உண்மை. 251 பிழைத்துக் கிடக்கும் என்ஜின். தூசி, வெயில், நெரிசலான கால அட்டவணை எல்லாவற்றையும் தாங்கியது. ஒரு சிலிண்டர் கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம், பெரிய கருவிகள் வேண்டாம், உதிரிபாகம் நாட்டுக்குள்ளேயே கிடைக்கும். ஆனால் அது தானாகப் பிழைக்கவில்லை. அடிக்கடி ஷெட்டுக்குள் வந்து பார்த்துக்கொள்ளப்பட்டதால் பிழைத்தது. புதிய என்ஜின்கள் அதைவிட நீண்ட இடைவெளியில் வந்தால் போதும். சிலிண்டர் ஹெட்டில் தண்ணீர்க் கசிவு, ஆயில் கசிவு, இரவு இரண்டு மணிக்கு வாட்டர் பைப் சீலிங் மாற்றுவது, இதெல்லாம் ‘சாவே கிடையாது’ என்ற வாக்கியத்துக்குப் பின்னால் இருக்கும் ஆட்களின் கதை. சும்மா ஐடிலில் நிற்பதற்கே மணிக்கு 20 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். அணைத்தால் திரும்பக் கிளப்புவதில் சிக்கல் வருமோ என்ற பயத்தில் மணிக்கணக்கில் அணைக்காமல் நிறுத்தி வைத்த காலம் உண்டு. நாட்டின் பணம் புகையாகப் போவதை நின்று பார்த்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆகவே உங்கள் கடைசி வரிக்கு என் பதில்: நல்ல என்ஜின்தான், பழசானதால் மட்டும் அப்படித் தெரியவில்லை. 1962இல் நமக்கு என்ன தேவையோ அதற்கு அதைவிடப் பொருத்தமானது கிடைத்திருக்காது. அதே சமயத்தில் இஎம்டி கம்பெனியின் டபிள்யூடிஎம்-4 என்ஜின்களும் வந்தன. 1969இல் முதல் ராஜதானியை இழுத்தது அந்த டபிள்யூடிஎம்-4தான். நல்ல ஓட்டக்காரன், ஆனால் இங்கேயே செய்துகொள்ளும் தொழில்நுட்பத்தோடு வந்தது ஆல்கோ. சொந்தமாகச் செய்யக் கற்றுக்கொடுத்தது என்பதே அதன் பெரிய தகுதி என்று நான் நினைக்கிறேன். பிரதான பாதையிலிருந்து அது விலகுவது சரியா என்றால், சரி. அதில் எனக்கு மனக்குறை இல்லை. இரண்டு டபிள்யூடிஜி-3ஏ டீசல்களை எடுத்து, உள்ளே இருந்த என்ஜினைக் கழற்றிவிட்டு, 10,000 குதிரைத்திறன் மின் இரட்டை என்ஜினாக மாற்றி 2019 பிப்ரவரியில் வாரணாசியில் கொடியசைத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்தபோது சந்தோஷமும் இருந்தது, கழற்றிய அந்த 16 சிலிண்டர் எங்கே கிடக்கிறதோ என்றும் இருந்தது.

நீராவியில் வளர்ந்து டீசலுக்கு மாறிய மூத்த டிரைவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். அவர்கள் டீசலை ஒரு பெட்டியாகத்தான் பார்த்தார்கள். நெருப்பைப் பார்த்து, நீராவியின் மூச்சைக் கேட்டு ஓட்டியவர்களுக்கு, நாட்ச் கைப்பிடி ஒரு பொம்மை. இன்று நான் திரையைப் பற்றிச் சொல்வதை அன்று அவர்கள் எங்கள் டீசலைப் பற்றிச் சொன்னார்கள். அதனால், பழையதில்தான் உயிர் இருந்தது என்று என் வயதுக்காரர்கள் சொல்வதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எதில் பல வருடம் கை வைத்தோமோ அதில் உயிர் இருப்பதாகத் தெரிகிறது. இன்று மின் ஷெட்டில் இருக்கும் பையன்களுக்கும் அவர்கள் விரலுக்கு மட்டும் தெரிந்த ஏதோ ஒன்று இருக்கும், எனக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

நம்மைவிடப் பழைய டீசலை இன்னும் ஓட்டுகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். இலங்கையில் எம்2 என்றொரு வகை. 1954 முதல் கொழும்புத் திட்டம் என்ற, ஆசிய நாடுகளுக்கான உதவித் திட்டத்தில் கனடா கொடுத்தது, அதனால் பலவற்றுக்குக் கனடிய மாகாணங்களின் பெயர்: ஒன்டாரியோ, ஆல்பர்ட்டா, கியூபெக். 1,425 குதிரைத்திறன், இஎம்டி வகை. அவற்றில் 591ஆம் எண், மனிடோபா, 2004 டிசம்பர் 26 அன்று மாத்தறை வண்டியை இழுத்துக்கொண்டு போனது. பெரலிய என்ற இடத்தில் கடல் வந்து மோதியது. அந்த வண்டியில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சேற்றிலிருந்து அந்த என்ஜினை மீட்டு, பழுது பார்த்து, மறுபடி ஓட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். இதைப் படித்த அன்று நான் நினைத்தது அதைத் திறந்து சுத்தம் செய்த ஃபிட்டர்களைத்தான். உப்புத்தண்ணீரும் மணலும் புகுந்த என்ஜினைத் திறப்பது என்ன வேலை என்று எனக்குத் தெரியும். அதிலும் அந்தச் சேறு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டே திறப்பது.

பாதுகாப்பது பற்றி ஒன்றே ஒன்று சொல்வேன். அருங்காட்சியகத்தில் பெயின்ட் அடித்து நிறுத்துவது நல்லதுதான், ஆனால் குளிர்ந்து கிடக்கும் ஆல்கோவிடம் விரல் வைத்துக் கற்க எதுவும் இல்லை. சிலவற்றையாவது ஓடும் நிலையில் வைக்க வேண்டும். அதைவிட அவசரம், அதைக் கையாண்ட மிஸ்திரிகள் இருக்கும்போதே அவர்கள் சொல்வதைப் பதிவு செய்வது. நீங்கள் சொல்லும் அந்தக் கேமரா இளைஞர்களிடம் இதைச் சொல்லுங்கள். என்ஜினை மட்டும் எடுக்காதீர்கள், கேபினிலிருந்து இறங்கும் ஆளிடமும், ஷெட்டிலிருந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகிற ஆளிடமும் ஐந்து நிமிடம் பேசுங்கள்.

உங்களுக்கும் ஒன்று. அடுத்த முறை அந்த என்ஜின் வேலை முடிந்து நிற்கும்போது, நடைமேடையிலேயே, பாதுகாப்பான தூரத்தில், கொஞ்சம் பொறுத்து நில்லுங்கள். டிரைவர் அணைப்பார். தடக் தடக் தளர்ந்து, ஒரு உலுக்கு உலுக்கி, நின்றுவிடும். எல்லோரும் முடிந்தது என்று நினைத்து நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் நகராதீர்கள். மேலிருந்து மெல்லிய ஒரு ரீங்காரம் வந்துகொண்டே இருக்கும், அது டர்போ. என்ஜின் நின்ற பிறகும் அது தன் வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். நாங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்போம். ஒரு நிமிடத்துக்கு மேல் நிதானமாக இறங்கி அடங்கினால் பேரிங் நன்றாக இருக்கிறது. சட்டென்று நின்றால் உள்ளே எங்கோ உரசுகிறது, மறுநாள் திறந்து பார்க்க வேண்டும். எத்தனை விநாடி கேட்டது என்று எண்ணி இங்கே எழுதுங்கள்.